ஒரு முற்றுப்புள்ளியும் இரண்டு பற்றறியும்

பனிச்சங்கேணியில் ஒருத்தி இருக்கிறாளாம். கடல் வந்த அன்று பெற்ற பிள்ளையின் கையை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பினாளாம். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையாம். அப்படிப்பட்டவள்தான் இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றி ஆறு கடத்துகிறாளாம்.

2010 தை மாதம் இந்தச் செய்தியை வாழைச்சேனையில் அஹமட் எனக்குச் சும்மா தந்தார். அஹமட் இறால் வாங்கி விற்கிறவர். இறாலில் ஒரு தலையைக்கூடச் சும்மா தராத மனிதர் செய்தியைச் சும்மா தருகிறார் என்றால் அது பழுதான சரக்கு என்று நான் மணந்து பார்த்திருக்க வேண்டும்.

“ஆர் சொன்ன?” என்று கேட்டேன்.

“பஸ் கொண்டக்டர்.”

கொண்டக்டரைப் பிடித்தேன். பஸ்ஸில் ஒரு ரீச்சர் சொல்லிக்கொண்டு வந்தாராம். ரீச்சரைத் தேடிப் போனேன். அவர் நல்ல பிறவி. ஆதாரம் இல்லாமல் கதைக்கமாட்டார். புத்தகத்துக்குள் மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டை எடுத்து விரித்தார். “பிள்ளையைக் கைவிட்டும் மறுகாத ஒரு பனிச்சங்கேணித் தாயின் இரும்பு நெஞ்சம்” என்று அதில் இருந்தது. அழகான வசனம். மேலே எழுதியவர் பெயர் போட்டிருந்தது. என்னுடைய பெயர்.

விசயம் இதுதான். ஐந்து மாதத்துக்கு முன் நெய்தலூரான் என்ற பெரிய எழுத்தாளரின் ‘மறுகாதவள்’ சிறுகதைத் தொகுப்பைப் பற்றி நான் ஒரு புகழுரை எழுதியிருந்தேன். நெய்தலூரான் என்பது புனைபெயர். அவர் பிறந்த ஊரில் கடல் இல்லை, இப்போது குடியிருக்கும் ஊரில் கடல் உறைந்துபோய்க் கிடக்கிறது. தொகுப்பில் பன்னிரண்டு கதை. நான் படித்தது தலைப்புக் கதையின் முதற்பக்கம், பின்னட்டை, நன்றியுரை. பனிச்சங்கேணி என்ற ஊர்ப்பெயர் நன்றியுரையில் மட்டும்தான் இருந்தது. அதைத் தூக்கிக் கதையில் பொருத்தியவன் நான். விமர்சகன் என்றால் ஏதாவது பங்களிப்புச் செய்யவேண்டுமே.

கதையின் தலைமாட்டில் அந்தத் தாயே சொன்னதாக ஒற்றை வரி தனியாக அச்சிட்டிருந்தது:

கை விட்டுட்டு மறுகா நான்.

இந்த ஒரு வரிக்காக இரண்டு நாட்டில் கருத்தரங்கு நடந்தது. ‘மறுகுதல்’ என்றால் உள்ளம் சுழன்று வருந்துதல். மறுகா நான் என்றால் வருந்தாத நான். என்ன செறிவு, என்ன பழந்தமிழ் வாசனை, படிப்பறியாத ஒரு பெண்ணின் வாயில் செவ்வியல் எப்படிக் குந்தியிருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். நானும் எழுதினேன்.

சரி, செய்த பாவத்தைப் போய்ப் பார்ப்போம் என்று, ஆளின் பெயரை விசாரித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

பனிச்சங்கேணி ஆற்றுக்கு அக்கரையில் இருபத்தேழு வீடு உள்ள ஒரு சின்னக் குடியிருப்பு. அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்குப் பாதையால் வந்தால் எட்டு மைல், தோணியால் வந்தால் கால் மணி. நான் துறையில் நின்றபோது தோணியில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கம்பை ஊன்றியபடி நின்றார். தோணிக்குள் பதினான்கு பிள்ளை இருக்க இடம் இருந்தது. ஒரு பிள்ளையும் இல்லை.

“வசந்தாதேவி எண்டது நீங்களா?”

“ஓம். புள்ளையக் கொன்ன பொம்புள நான்தான்” என்றார். “ஏறுங்க. நீந்தத் தெரியுமா?”

தெரியாது என்றேன்.

“அப்ப கவனமா இரிங்க. நான் கைய விட்டிருவன்.”

ஏறினேன். பத்திரிகைக்காரன் என்று சொன்னதும் கம்பை நிறுத்தினார். தோணி நடு ஆற்றில் நின்றது. “என்னத்தப் பாக்க வந்த நீங்க? அழுத மொகத்தையா, அழாத மொகத்தையா? ரெண்டும் இதுதான். பாத்திற்று இறங்குங்க.”

நடு ஆற்றில் எப்படி இறங்குவது என்று கேட்டேன். அது என்னுடைய பிரச்சினை என்றார். கட்டுரை எழுதியவன் நானே என்பதை அந்த இடத்தில் சொல்லாமல் விட்டேன். கரை சேர்ந்த பிறகு சொன்னேன். காறித் துப்பினார், ஆனால் ஆற்றுப் பக்கம் திரும்பித்தான் துப்பினார். அந்த மரியாதையை இன்றுவரை மறக்கவில்லை.

அவருடைய வரலாறு நீளமில்லை. அதைக் குறுக்குவதற்கு ஆட்கள் முறைவைத்து வந்திருக்கிறார்கள். கணவர் சிவபாதம் ஆற்றுத்தொழில் செய்தவர். இரண்டாயிரமாம் ஆண்டு விறகுக்குக் காட்டுக்குப் போனவர் வரவில்லை. யார் பிடித்தது என்பதற்கு ஊரில் மூன்று கதை உண்டு. மூன்றையும் சொல்லிவிட்டு, “நான் சொன்னதாச் சொல்லாதீங்க” என்பார்கள். வசந்தாதேவி அழுதுகொண்டு கணவரின் தோணியில் ஏறினார். பொம்பிளை தோணி விட்டால் மீன் படாது என்றார்கள். இறால் பட்டது. மகள் விதுர்ஷா தோணியின் முன்முனையான அணியத்தில் குந்தியிருந்து இறால் எண்ணுவாளாம். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாததால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாளாம்.

2004 மார்கழியில் கடல் வந்தது. விதுர்ஷாவுக்கு ஏழு வயது.

2005 பங்குனியில் நெய்தலூரான் வந்தார். நிவாரண வாகனம் ஒன்றில் தொற்றிக்கொண்டு, இரண்டு தரப்பின் சாவடிகளையும் தாண்டி வந்தார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஒரு கசற் ரெக்கோடரும் வைத்திருந்தார். அந்த ரெக்கோடருக்குள் பற்றறி செத்துப்போயிருந்தது.

“என்னட்ட நிவாரணத்தில தந்த சின்ன ரேடியோ ஒண்டு இருந்திச்சு” என்றார் வசந்தாதேவி. “அதுக்குள்ள இருந்த ரெண்டு பற்றறியையும் கழட்டிக் குடுத்தன். ‘அம்மா, மட்டக்களப்புக்குப் போனதும் ரெண்டுக்கு நாலா அனுப்புறன்’ எண்டான். நாலு வேணாம், ரெண்டு போதும் எண்டன்.”

வரவில்லை. பிறகு சண்டை நெருங்கி, பற்றறி அந்தப் பக்கம் கொண்டுபோகத் தடை வந்தது. 2006 கடைசியில் பீரங்கிச் செல்லடிக்குள் ஊரே காட்டுவழியால் நடந்து மட்டக்களப்பு முகாம்களுக்குப் போனது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கதவு, கூரைத்தகரம், கிடாரம் எல்லாம் போயிருந்தன. ரேடியோ அதே இடத்தில் இருந்தது. பற்றறி இல்லாத ரேடியோவை எந்தக் கள்ளனும் எடுக்கவில்லை.

“மறுகா கடையில வந்திற்றுதானே, வாங்கியிருக்கலாமே?” என்றேன்.

“வாங்கலாம். ஆனா அவன் தாறன் எண்டவன்.”

போர் முடிந்ததை ரேடியோக்கள் எல்லாம் சொன்ன நாளில் அவருடையது சும்மா இருந்தது. சாவடியில் கூப்பிட்டுப் பாற்சோறு கொடுத்தபோதுதான் ஏதோ முடிந்திருக்கிறது என்று விளங்கிக்கொண்டார். தின்றீர்களா என்று கேட்டேன். “சோறுதானே” என்றார்.

அதே வருடம்தான் ‘மறுகாதவள்’ வந்தது. பரிசு கிடைத்தது. பின்னாலேயே என் கட்டுரை வந்தது. ரீச்சர் வாசித்தார், பஸ் வாசித்தது, பனிச்சங்கேணி கேட்டது. ஒருவரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை. தேவையும் இல்லை, பரிசு பெற்ற புத்தகம் பொய் சொல்லுமா? பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் கலாஜினி தன் மகளைத் தோணியிலிருந்து இறக்கினார். அடுத்த நாள் ஐந்து பேர் இறக்கினார்கள். தை பிறக்கும்போது தோணி வெறுந்தோணி. பிள்ளை கடத்தும் வேலையைக் கோணாமலையிடம் கொடுப்பது என்று சங்கம் தீர்மானம் எழுதி வைத்திருந்தது. கோணாமலை காலை எட்டு மணிக்கு முன்னரே கசிப்புச் சாராயம் மணக்கிற ஆள். ஆனால் எந்தப் புத்தகத்திலும் அவர் ஒரு பிள்ளையைக் கைவிடவில்லை.

“அடுத்த சனிக்கிழமை கூட்டம்” என்றார் வசந்தாதேவி. “கையெழுத்து வெச்சா முடிஞ்சி. ஆத்துல இறால் புடிச்சும் சீவிக்கலாம். அதுக்கில்ல. புள்ளையள் ஏறுற தோணி இது. மறுகா ஆர் ஏறுவாங்க?”

“அப்பிடிச் சொன்னீங்களா? கைய விட்டன், வருந்தல்ல எண்டு?”

என்னை ஒரு பார்வை பார்த்தார். “நான் எனக்கு விளங்குற பாசையிலதான் சொன்னன். அவன் எழுதினது எனக்கு விளங்காத பாசை. ரெண்டுக்கும் நடுவில நடந்ததுக்கு நானா பொறுப்பு?”

அந்தக் கசற்றின் பிரதி ஒன்று வந்தாறுமூலைக் கம்பஸில் இருப்பது தெரியவந்தது. 2005இல் மாணவனாக இருந்து நெய்தலூரானுக்கு வழிகாட்டிய திவாகரன் இப்போது அங்கே விரிவுரையாளர். ஆய்வுக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தான். ஐந்து வருடமாகக் கேட்கவில்லை. ஆய்வுக்குத்தானே, கேட்பதற்கா?

மேசையில் ரெக்கோடரை வைத்துக்கொண்டு எனக்கு முதலில் இலக்கணம் எடுத்தான். “சேர், இது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். ஓடாக் குதிரை, பாடாக் குயில், மறுகா நான். இந்த ஒரு வரிய வெச்சே நான் முப்பது பக்கம் எழுதியிரிக்கன்.”

“நீ எந்த ஊர்?”

“இங்க மட்டக்களப்புத்தான், வவுணதீவு, சேர்.”

கசற்றைப் போட்டான். காற்று இரைந்தது. காகம் கத்தியது. நெய்தலூரானின் குரல், வானொலி நாடகத்து நடையில், “பிறகு என்ன நடந்தது அம்மா?” என்றது. வசந்தாதேவியின் குரல் இளமையாக இருந்தது. கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதைச் சொன்னது. தண்ணீர் பின்னாலிருந்து அடித்ததைச் சொன்னது. பிறகு, “கை விட்டுட்டு” என்றது.

இடைவெளி. காகம் இரண்டு தரம் கத்துகிற அளவுக்கு நீளமான இடைவெளி.

“மறுகா நான் கண்ணாக் காட்டுக்க கெடந்தன்.”

திவாகரன் கசற்றை நிறுத்தினான். “பாத்தீங்களா சேர், எவ்வளவு செறிவு. சரி, தேத்தண்ணி ஒண்டு குடிச்சிற்று மறுகா கேப்பம்.”

சொல்லிவிட்டு எழும்பியவன் பாதியில் நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தான்.

“என்ன சொன்னாய்?” என்றேன்.

“மறுகா...” என்றான். “பிறகு எண்டு...” பிறகு குந்திவிட்டான்.

மட்டக்களப்பான் நாளுக்கு நூறு தரம் சொல்லும் சொல். மறுகா வாறன், மறுகா பாப்பம், மறுகா தாறன். நம்முடைய ஊரில் வாங்கியது எல்லாம் மறுகாதான் திரும்பி வரும். ஆனால் அதை அச்சில், அதுவும் பரிசு பெற்ற புத்தகத்தில் கண்டபோது ஒருவனுக்கும் அடையாளம் தெரியவில்லை. நம்முடைய சொல்லுக்கு அங்கே ஏறும் தகுதி இருக்கும் என்று நாம் நினைக்கவேயில்லை. நடுவீதியில் நின்ற சொந்தத் தம்பியை வெள்ளைக்காரன் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

‘கை விட்டுட்டு’ என்பதும் அப்படித்தான். ‘பஸ் போயிட்டு’ என்றால் பஸ் போய்விட்டது. ‘கை விட்டுட்டு’ என்றால் பிடித்த பிடி விட்டுப்போய்விட்டது. அந்தத் தாய் விடவில்லை, கை விட்டுட்டு. அதற்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி இருந்தது. இரண்டு காகக் கத்தல் நீளமான அந்த முற்றுப்புள்ளியை எடுத்துவிட்டு, மிச்சத்தில் பாதியை வெட்டிவிட்டு, ஒரு கொலைகாரியைச் செய்து பரிசு வாங்கியிருக்கிறார்கள்.

மிச்சத்தையும் கேட்டோம். கண்ணா என்கிற அலையாத்தி மரக் காட்டின் வேருக்குள் கிடந்ததைச் சொல்லத் தொடங்கியதும் அழுகை வந்தது. அப்போது நெய்தலூரானின் குரல், மிகவும் கனிவாக: “கொஞ்சம் அழாமல் சொல்லுங்கள் அம்மா. பற்றறி தீர்ந்துவிடும்.”

அழுகை நின்றது. அவர் அழாமல் சொன்னார்.

திவாகரன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். முப்பது பக்கத்தை எந்தக் குப்பையில் போடலாம் என்று தேடியிருப்பான்.

சனிக்கிழமை நானும் திவாகரனும் கூட்டத்துக்குப் போனோம். அக்கரைக் குடியிருப்பில் சுவரில்லாத ஒரு மண்டபம். பெண்கள் பாயில், ஆண்கள் வாங்குப் பலகையில், கோணாமலை தூணில். மேசையில் தீர்மானப் புத்தகம் விரித்துக் கிடந்தது. கலாஜினி எழும்பினார். முப்பது வயது, குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

“பேப்பரில எழுதினவரும் நீங்க, இப்ப இல்ல எண்டு சொல்ல வந்தவரும் நீங்க. உங்கட எந்த வாய நாங்க நம்புற?”

“என்ட வாய நம்பவேணாம். கசற்றக் கேளுங்க” என்றேன்.

ரெக்கோடரின் பொத்தானை அமத்தினேன். அது அசையவில்லை. கம்பஸில் கரண்ட் வயரில் ஓடியது, இந்தக் கரைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. பற்றறி கொண்டுவரவேண்டும் என்ற எண்ணம் ஒரு எழுத்தாளனுக்கும் ஒரு விரிவுரையாளனுக்கும் வரவில்லை.

எல்லாரும் வசந்தாதேவியைப் பார்த்தார்கள்.

“நான் தரமாட்டன்” என்றார் அவர். “முதல்ல தந்ததே இன்னும் வரல்ல.”

வாங்கில் ஒருவர் சிரித்தார். கலாஜினி சிரிக்கவில்லை. கையிலிருந்த பேனையை மேசையில் வைத்துவிட்டு விறுவிறென்று தன் வீட்டுக்குப் போய், ரேடியோவின் முதுகைத் திறந்து இரண்டு பற்றறியைக் கொண்டுவந்து போட்டார். “கேட்டு முடிஞ்சதும் திருப்பித் தரணும்” என்றார் என்னைப் பார்த்து.

கசற் ஓடியது. “கை விட்டுட்டு” வந்தது. காகம் வந்தது. “மறுகா நான்” வந்தது. அந்த இடத்தில் ஒருவரும் அசையவில்லை. அவர்களுக்கு அதில் விளக்கம் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரி கதைக்கிறாள், அவ்வளவுதான். நான்தான் அவசரப்பட்டு எழும்பி, புத்தகத்தில் இந்தச் சொல்லை எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்று சொன்னேன். பாயிலிருந்த ஒரு பெண், “மறுகா எண்டாத் தெரியாதவன் எப்பிடிக்கா எழுத்தாளன் ஆன?” என்று பக்கத்தில் கேட்டார். திவாகரன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அழாமல் சொல்லுங்கள் அம்மா” வந்தபோது கலாஜினி எட்டி ரெக்கோடரை நிறுத்தினார். கொஞ்ச நேரம் அதன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அதன் பிறகும் தோற்க மனமில்லாமல், “சரி. அவ விடல்ல. கை விட்டுத்தான் போச்சு. ஆனா விட்டுத்தானே போச்சு?” என்றார்.

வசந்தாதேவி பாயிலிருந்து எழும்பினார்.

“ஓம் கா. விட்டுத்தான் போச்சு. நீயும் உண்ட மகள்ற கையப் புடிச்சிக்கிட்டுத்தானே வாறாய்? நல்லா இறுக்கிப் புடி. கை தானா விடும். நாம விடத் தேவல்ல.”

தீர்மானப் புத்தகத்தை ஒருவரும் மூடவும் இல்லை, கையெழுத்து வைக்கவும் இல்லை. கோணாமலை தூணிலிருந்து சரிந்து தூங்கிவிட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை எட்டுப் பிள்ளைகள் தோணியில் ஏறினார்கள். மற்ற ஆறு பேரும் பாதையால் எட்டு மைல் போனார்கள். அவர்களுடைய தாய்மார் இன்றுவரை, “கசற்றில என்னத்தையும் அடிக்கலாம்” என்கிறார்கள். ஏறிய எட்டில் ஒன்று கலாஜினியின் மகள். கலாஜினியும் கூட ஏறினார். அக்கரையிலிருந்து பள்ளிக்கூடத் துறை வரைக்கும் பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்தபடி இருந்தாராம். இறங்கும்போது தோணி ஆடியது. பிள்ளையை இறக்குவதற்கு ஒரு கை தேவைப்பட்டது. கலாஜினி ஒரு கையை விட, அதை வசந்தாதேவி பிடித்து இறக்கினார். நன்றி சொல்லவில்லை. வசந்தாதேவியும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த நாள் பிள்ளை தனியாக வந்தது.

நெய்தலூரானுக்குத் தொலைபேசி எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார். “ஒருவேளை அது தவறாக இருக்கலாம். ஆனால் எவ்வளவு அழகான தவறு!” என்றார். “அந்தத் தாய் இப்போது அந்த அம்மாவுக்குச் சொந்தமில்லை நண்பரே. அவள் இலக்கியத்துக்குச் சொந்தம்.”

“அந்தப் பற்றறி ரெண்டும்?” என்றேன்.

“என்ன பற்றறி?” என்றார்.

விளக்கினேன். சிரித்தார். இதைக் கட்டாயம் ஒரு கதையாக எழுதவேண்டும் என்றார்.

நான் என் பங்குக்குத் திருத்தம் எழுதினேன். ஆசிரியர் அதை மரண அறிவித்தல்களுக்குக் கீழே, ஒரு விரல் அகலத்தில் போட்டார். புகழுரைக்கு அரைப்பக்கம் தந்தவர்தான். இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது. தலைப்பு அதே தலைப்பு. அந்த வரிக்குக் கீழே மட்டும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஓர் அடிக்குறிப்பு: ‘மறுகா: மட்டக்களப்பு வழக்கில் பிறகு என்றும் பொருள்படும்.’ அந்த ‘என்றும்’ என்பதில் வருகிற ‘உம்’ ஒன்றுக்காகவே ஆளைப் பிடித்து நடு ஆற்றில் இறக்கவேண்டும்.

புத்தகத்தை வசந்தாதேவியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே, வெட்கத்தோடு, வாழைச்சேனையில் வாங்கிய இரண்டு பற்றறியும். புத்தகத்தை வாங்கி ஒரு பக்கம் வைத்தார். பற்றறியைக் கையிலெடுத்துப் பார்த்தார்.

“அவன் தந்துவிட்டதா?”

“இல்ல. நான்...”

திருப்பி என் சட்டைப்பைக்குள் போட்டார். “நீங்க ஏன்? வாங்கினவன் தரட்டும்.”

சுவர்த்தட்டில் ரேடியோ முதுகு திறந்தபடி இருந்தது. “என்ன சொன்னான் அவன்?” என்று கேட்டார்.

“மறுகா அனுப்புறானாம்” என்றேன். நெய்தலூரான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சொல்லை அவர் ஒரு தரமாவது சரியான பொருளில் பாவிக்கட்டும் என்று நினைத்தேன்.